கட்டிலுக்கடியில் மொனிட்டர் பெட்டி

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். பின்னேரம் மூன்று மணிக்கு இடி, மின்னல். ஆலங்குடாவில் இந்த மாதம் முழுக்க இப்படித்தான்.

கலியாணம் முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். அவர் பெயரை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இனி 'அ.' போதும். உம்மா கொப்பியைத் திறந்தாலும் விளங்காது.

அ. இன்று என்னோடு கதைத்தவை, முழுப் பட்டியல்:
– "தேத்தண்ணி போதும்."
– "பாங்கு சொல்லிட்டா?"
– "இந்தக் கதிரய எடுக்கவா?"

அவ்வளவுதான். நானோ காலையில் முன்பள்ளி, பின்னேரம் டியூஷன் வகுப்பு என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். இந்த மனிசனுக்கு அல்லாஹ் வாயை எதற்குக் கொடுத்தான்? ஆனால் ஹெட்செட்டைப் போட்டுக் கூட்டாளிமாருடன் துவக்குச் சுடும் விளையாட்டில் உட்கார்ந்தால் ஆள் வேறு. "மச்சான், இடப்பக்கம்! இடப்பக்கம்!" சிரிப்பும் வருகிறது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் எனக்கும் தந்தால் என்ன?

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவர் கொண்டு வந்தது இரண்டு உடுப்புப் பை, ஒரு கொம்பியூட்டர். அதன் மொனிட்டரில் செக்கனுக்கு 165 தடவை படம் மாறுமாம். சாதாரணத் திரையில் 60 தானாம். புத்தளத்தில், இவருடைய லாத்தா, அதாவது அக்கா வீட்டில் 165 ஓடியது. எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாளிலேயே 60 ஆகிவிட்டது, பிறகு ஏறவே இல்லை. எதிரி எட்டிப் பார்ப்பது இவருக்குப் பிந்தித்தான் தெரிகிறது, அதற்குள் சுட்டுவிடுகிறான். சனிக்கிழமை ஏதோ போட்டி வேறு.

இன்று போனில் சொன்னது காதில் விழுந்தது: "சனிக்கிழமைக்குள்ள சரிவராட்டி லாத்தா வீட்டுக்குக் கொண்டு போகத்தான் வேணும் மச்சான்."

மொனிட்டர் வந்த பெட்டி இன்னும் எங்கள் கட்டிலுக்கடியில். உம்மா எரிக்க எடுத்தபோது அ.தான் "அத எறிய வாணாம்" என்று என்னிடம் சொல்லித் தடுத்தவர். மொனிட்டர் அடிபடாமல் சுற்றி வைக்கிற வெள்ளை ரெஜிஃபோம் துண்டுகள்கூடப் பத்திரமாக உள்ளே. பெட்டியை வைத்திருக்கிறவன் திரும்பிப் போகிற எண்ணத்தில் இருக்கிறவன். கொம்பியூட்டர் போனால் ஆளும் பின்னால் போகும். எனக்குப் பயமாக இருக்கிறது, எழுதினால் என்ன.

15, புதன்

கொசு. கையெல்லாம் தடிப்பு. காரணம் கீழே.

அ. கடையிலிருந்து வந்ததும் (புத்தளம் டவுனில் போன் திருத்துகிற வேலை) கிராஃபிக்ஸ் ட்ரைவரை அடியோடு கழற்றிப் புதிதாகப் போடப் போவதாகச் சொன்னார். பெரிய ஃபைல். அறைக்குள் வருகிற சிக்னல் விளையாட்டுக்குத்தான் போதும், பெரியது இறக்கக் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். "தாங்க, நான் இறக்கித் தாறன்" என்று போனைப் பறித்துக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். முக்கால் மணித்தியாலம். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து நின்றார். சும்மா நின்றார்.

நான்: "ட்ரைவர் எண்டா என்னது?"
அ.: "கார்டுக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவால கதைக்கிற ஒரு ஆள் எண்டு வைங்களேன். ரெண்டுக்கும் நேரா கதைக்கத் தெரியா."
நான்: "அப்ப உம்மாக்கும் உங்களுக்கும் நடுவில நான் நிக்கிற மாதிரி."

சிரித்துவிட்டார்! என் கதைக்கு, ஹெட்செட் இல்லாமல்!

உண்மையும் அதுதான். புது மருமகனிடம் உம்மா நேரே கதைக்க மாட்டா. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று "கறி போதுமாண்டு கேளு புள்ள" என்பா. அவரும் "போதும் எண்டு சொல்லுங்க" என்பார். இரண்டு பேருக்கும் நடுவே நாலு அடி தூரம்.

ட்ரைவர் போட்டார். அப்போதும் 60. பிறகு மேசைக்குப் பின்னால் குனிந்தார், கொஞ்ச நேரம் ஆளையே காணவில்லை. எழும்பிப் பார்த்தால் 165. அல்ஹம்துலில்லாஹ். திரையில் மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டு போகிறது, எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

"பகல்ல இந்த அறைக்கு ஆரும் வாறயா?" என்று கேட்டார். உம்மா கூட்டுவா என்றேன். "ம்" என்றார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. ஏனென்று தெரியவில்லை.

16, வியாழன்

மழை வரவில்லை, வெறும் இடி மட்டும்.

அ. வந்தார். உடுப்பு மாற்றவில்லை, முகம் கழுவவில்லை, நேரே மேசைக்குப் பின்னால்.
"திரும்பவும் பழுதா?"
"இல்ல இல்ல. சும்மா."

சும்மா குனிகிற மனிசனை நான் கண்டதில்லை. பழுதுதான், என்னிடம் மறைக்கிறார். பெட்டியை இழுத்துப் பார்த்தேன். ரெஜிஃபோம் எல்லாம் இருக்கிறது.

முன்பள்ளி இடைவேளையில் வீடியோ பார்த்துப் படித்தவை:
1. செட்டிங்கில் போய் 165 தெரிவு செய்ய வேண்டும். (செய்திருக்கிறார்.)
2. கேபிள் நல்லதாக இருக்க வேண்டும்.
3. கொம்பியூட்டருக்குப் பின்னால் இரண்டு இடத்தில் ஓட்டை உண்டு. கீழே இருப்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. மேல் ஓட்டையில் குத்தினாலும் படம் வரும், ஆனால் கார்டு வேலை செய்யாது, 60 தான். நிறையப் பேர் விடுகிற பிழையாம்.

இவர் போன் திருத்துகிறவர். இவரா ஓட்டை மாறிக் குத்துவார்?

17, வெள்ளி

இன்று டியூஷன் இல்லை, பின்னேரம் வீட்டில். அதனால்தான் பிடிபட்டது.

மூன்று மணிக்கு முதல் இடி. உம்மா பதறிக்கொண்டு எங்கள் அறைக்குள் ஓடினா. பின்னால் போனேன். கரண்ட் ப்ளக்கைக் கழற்றினா, சரி. அதோடு நிற்காமல் மேசைக்குப் பின்னால் கையை விட்டு மொனிட்டர் வயரையும் பிடுங்கினா. முந்தி அன்டெனா வயரால் மின்னல் வந்து எங்கள் டீவி எரிந்தது. அன்றிலிருந்து உம்மாவுக்கு எல்லா வயரும் அன்டெனா வயர்தான்.

இடி ஓய்ந்ததும் மருமகன் வரும் முன் திரும்பக் குத்தினா. மேல் ஓட்டையில்!

"உம்மா! எந்த ஓட்டையில குத்துறீங்க?"
"எந்த ஓட்டையெண்டா என்ன? கீழ எனக்கு எட்டாது புள்ள. படம் வருது தானே!"
"நெடுகவும் இப்பிடியா?"
"இடி வாற நாளெல்லாம்."

வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். உங்களால்தான் இந்த மனிசன் வீட்டை விட்டுப் போகப் போகிறார் என்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன். "மருமகனோட நான் எப்பிடிக் கதைக்கிற? அவர்ட சாமான் எரிஞ்சு போகக் கூடாதெண்டு தானே..." என்று உம்மா அழுதுவிட்டா. எனக்கும் அழுகை. என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

அ. வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சேர்ட் பட்டனைப் பார்த்துக்கொண்டு "தெரியும்" என்றார்.
"எப்ப இருந்து?"
"புதன்கிழம. குனிஞ்சு பாத்தா வயர் மேல இரிக்கி. நேத்து இடிக்குப் பிறகும் அப்பிடித்தான்."
"ஏன் சொல்லல்ல?"

அவர் சொன்னது, அப்படியே எழுதுகிறேன்:

"சொன்னா மாமி வெக்கப்பட்டு விட்டுருவாங்க. இடி இடிக்கக்குள்ள என்ட சாமான நினைச்சு இதுவரைக்கும் ஒத்தரும் ஓடி வந்ததில்ல. நான் வந்து மாத்திக் குத்தினா ஒரு நிமிசம் தானே."

உம்மா இல்லாத பிள்ளை. ஏழு வயதிலிருந்து அந்த வீடு, இந்த வீடு, கடைசியில் லாத்தா வீடு. ஆனாலும் கேட்டேன்: "அப்ப கட்டிலுக்கடியில பெட்டி எதுக்கு?"

"பழக்கம். ஒரு வீட்டிலயும் பெட்டிய எறிஞ்சதில்ல."



18, சனி

காலை: கலியாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சால் கீழ் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். கொம்பியூட்டரைத் திருப்பி வைத்து உம்மாவுக்கு எட்டுகிற மாதிரிச் செய்தார் அ.

போட்டி இங்கேயேதான். மூன்று மணி. இரண்டு பக்கமும் சமம், கடைசிச் சுற்று. அ.வின் காது சிவந்து போயிருந்தது. நான் கட்டிலில் இருந்து யாசீன் ஓதாத குறை.

களப்புப் பக்கம் வானம் கறுத்தது. தூரத்தில் இடி. திரைச்சீலைக்குக் கீழே உம்மாவின் கால். முந்தானையை முறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினா. நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் நிற்கிற ஆளுக்கு இன்று லீவு.

அ. திரும்பினார். கால்களைக் கண்டார். ஹெட்செட்டைக் கழற்றினார்.

"மாமி, கழட்டுவமா?"

திரைச்சீலை விலகியது.

"விளையாட்டு முடியட்டும் மகன்."

மகன் என்றா. நேரே.

அடுத்த இடிக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது. அ. மைக்கில், "மச்சான், இங்க இடி. மாமி பயப்படுறாங்க. நான் போறன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏச்சு, ஒரே ஏச்சு. உம்மா டோர்ச் பிடிக்க, இவர் வயரைக் கழற்றினார்.

இடி நின்றதும் உம்மாவே குனிந்து, பொட்டைத் தேடிக் குத்தினா. 165.

"தோத்துட்டா மகன்?"
"ஓம் மாமி."
"என்னாலயா?"
"இடியால மாமி."

பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். டீவி எரிந்த கதையை உம்மா முழுதாகச் சொன்னா. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறாமை.

19, ஞாயிறு

வெயில். உடுப்புத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து கூட்டினால் கட்டிலுக்கடியில் பெட்டியைக் காணோம். மேசையைப் பார்த்தேன். மொனிட்டர் இருக்கிறது. அ. கிணற்றடியில் ஏதோ இறக்கிக்கொண்டு இருக்கிறார்.

குசினிக்கு ஓடினேன். பெட்டி அங்கே. கற்பிட்டிச் சின்ன வெங்காயம் பாதி வரை கொட்டியிருந்தது.

"ஆர் உம்மா தந்த?"
"மகன்தான். வெங்காயத்துக்குக் காத்து வேணுமெண்டு கத்தியால ஓட்டையும் போட்டுத் தந்தாரு."

பார்த்தேன். நாலு பக்கமும் கையளவு ஓட்டை. அடியிலும் இரண்டு. இனி அதில் மொனிட்டரை வைத்து எங்கேயும் கொண்டு போக முடியாது.