டாக்டரம்மா சொன்னதில் மீதி

அண்ணி,

இன்று காலை திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் அடிவயிற்றில் ஜெல்லைப் பிழிந்தார்கள். ஜில்லென்று பட்டதும் உங்கள் குரல் கேட்டது. "ஐயோ பாப்பா, இன்னா இது, கத்தாழைய அரைச்சிப் பூசுன மாதிரி கீது" என்று சித்தூரில் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தக் குரல். எட்டு வருடமாக அது காதில் விழக் கூடாது என்று ஓடிக்கொண்டிருந்தேன். இன்று படுத்த இடத்தில் பிடித்துக்கொண்டது.

எனக்கும் கல்யாணமாகி, இப்போது வயிற்றில் ஏழு வாரம். இந்த முதல் ஸ்கேனில் என்ன பார்ப்பார்கள் என்று இப்போது கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கரு கர்ப்பப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். எத்தனை வாரம், ஒன்றா இரண்டா, இதயம் துடிக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்த்துத் தெரியாவிட்டால் உள்ளே மெல்லிய கருவியை விட்டுப் பார்ப்பார்கள். அதனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவும் தேடித் தேடிப் படித்தேன், நீங்கள் போன பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்றைக்கு நமக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றுக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான். நம்மூர் பாலசமுத்திரத்தில் பஸ் ஏறும்போதே ஒரு பாட்டில் குடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையைக் கிள்ளினீர்கள். "டிரைவரண்ணன மெதுவா ஓட்டச் சொல்லு பாப்பா, தெலுங்குல சொல்லு" என்றீர்கள். போளூர்ப் பக்கத்திலிருந்து ஆந்திராவுக்கு வாழ வந்து இரண்டு வருடம் ஆகியும் தெலுங்கில் உங்களுக்குக் காய்கறி விலைக்கு மேல் ஒன்றும் வராது. கற்றுக்கொள்ளச் சொன்னால், "நீ இருக்கும்போது எனக்கு இன்னாத்துக்கு? என் காதும் நீதான், வாயும் நீதான்" என்பீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. கல்யாணமாகாத நாத்தனாருக்கு அண்ணி கொடுத்த பதவி.

ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஒருவர்தான் என்றார்கள். தெலுங்கு பேசத் தெரிந்தவள் என்று என்னை அனுப்பிவிட்டு அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கருவியை இங்கே அழுத்தினார், அங்கே அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பித் தெலுங்கில் சொன்னார்: கர்ப்பப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை. நாள் குறைவாக இருந்தாலும் இப்படி இருக்கும். ஆனால் கரு டியூபில், அதாவது கருக்குழாயில், தங்கியிருக்கவும் கூடும், அது ஆபத்து. உள்ளே விட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

நான் வெளியே போய் அம்மாவிடம் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டுமாம் என்பதை மட்டும் சொன்னேன். "அதெல்லாம் வாணாம். கை வெச்சா கலைஞ்சிடும். மூணாம் மாசம் பாத்துக்கலாம்" என்றாள். நான் திரும்பி வந்து வேண்டாமாம் என்று சொல்லிவிட்டேன். வயிறு உங்களுடையது. உங்களைக் கேட்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. இரண்டு நாள் விட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஒரு பக்கமாக வயிறு வலித்தால், ரத்தம் பட்டால், தலை சுற்றினால், தோள்பட்டை வலித்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னார். "நொப்பி வஸ்தே வெண்டனே ரண்டி." வலி வந்தால் உடனே வாருங்கள். அதை இரண்டு தடவை சொன்னார்.

"இன்னா சொன்னாங்க?" என்றீர்கள்.

"சின்னதா கீதாம் அண்ணி. பத்து நாள் கழிச்சி வரச் சொன்னாங்க."

"இவ்ளோ நேரம் பேசினாங்க, நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட?"

"டாக்டருங்க அப்படித்தான், வளவளன்னு பேசுவாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து நேராகக் காணிப்பாக்கம் போவதாக இருந்தோம். பிள்ளையாரிடம் சேதி சொல்லாமல் வீடு திரும்பக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கோயிலுக்குப் போகிற வாயில் நல்ல வாக்குதான் வரவேண்டும், முழுகாமல் இருக்கிறவள் காதில் கெட்டது விழக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். சாமி கும்பிட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொய்ச் சத்தியம் செய்தவனை விடமாட்டார் என்று திருடன்கூட நடுங்குகிற பிள்ளையார் அவர். அவர் வாசலிலேயே பொய்யை வாயில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நம் ஊர்ச் சாமிக்குக் குறி தப்பிவிட்டது அண்ணி. என்னை விட்டுவிட்டு உங்களைப் பிடித்தது.

வீட்டுக்கு வந்தால் கேசரி. அண்ணன் தெருவெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷில் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்தாள் அம்மா. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. மறுநாள் காலை ஷிப்டுக்கு, நான் வேலை பார்த்த ஸ்ரீசிட்டி பாக்டரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். போனில் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். கடைசியில், நாள் குறைவாகத்தான் இருக்கும் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் நீங்களே போன் செய்தீர்கள். "தோள்பட்டை கடுக்குது பாப்பா."

"கடலக்கா புடுங்கினீங்களா? தைலம் தேச்சிக்கினு படுங்க அண்ணி."

டாக்டரம்மா மடக்கிய விரல் என் நினைவுக்கு வரவே இல்லை. சொல்லாமல் விழுங்கியதை நான் மறந்தும் போயிருந்தேன். மறுநாள் நடுப்பகலில் கடலைக் கொல்லையில் மயங்கி விழுந்தீர்கள். கார் சித்தூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டியூப் வெடித்து வயிறெல்லாம் ரத்தம் என்றார்கள்.

நான் ஓடி வந்தபோது அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக நிறுத்தி, "அன்றைக்கே சொன்னேனே, நீ சொல்லவில்லையா?" என்று கேட்டார். அண்ணன் வந்து, "இன்னாடி சொல்றாங்க?" என்றான். "விதின்றாங்க" என்றேன். இதையும் நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

வருடம் திரும்புவதற்குள் அண்ணனுக்கு வேறு கல்யாணம் செய்தார்கள். இரண்டு பிள்ளைகள். யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் அம்மா சொல்வது ஒன்றுதான்: "மவராசி, ஒன்னும் சொல்லாம போய்ட்டா." சொல்லாமல் போனது நீங்களா? தோள் வலியைச் சொன்னீர்கள். சொல்லாமல் இருந்தவள் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து உங்கள் காரியச் சோறு தின்றாள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு மனுஷியை இவ்வளவு நம்பலாமா? வேறு யாரிடமாவது அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கலாமே.

இன்று என் ஸ்கேனில் கரு உள்ளேதான் இருக்கிறது. இதயம் துடிப்பதைத் திரையில் காட்டினார்கள். அரிசி மணி அளவில் ஒன்று மினுக்மினுக்கென்றது. பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும், ரத்தம் பட்டால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்கள். வெளியே வந்ததும், துணைக்கு வந்திருந்த அம்மா, "இன்னா சொன்னாங்க?" என்றாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"நல்லத மட்டும் சொல்லுடி" என்று என் வாயைப் பொத்த வந்தாள்.

அந்தக் கையைத் தள்ளிவிட்டு அன்றைய கதையையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, நான் விழுங்கியது, தோள்பட்டை, எல்லாம். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அழுவாள், அறைவாள் என்று பார்த்தேன். அறைந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "உங்கண்ணங்கிட்ட சொல்லிடாத. இப்போ சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டாள்.

அண்ணனிடம் நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். அவன் என்னை வீட்டுக்குள் சேர்க்காமல் போனாலும் போகட்டும். ஆனால் அவனுக்கு முன்னால் கேட்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அண்ணி, டாக்டரம்மா சொன்னது இதுதான். பையில ஒன்னும் தெரியலயாம். டியூப்ல கீதோ இன்னாவோன்னு பயப்படறாங்க. உள்ள வுட்டுப் பாக்கணுமாம், உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறாங்க. ரெண்டு நாள் கழிச்சி ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுக்கணும். வயிறு வலிச்சாலும், ரத்தம் பட்டாலும், தலை சுத்தினாலும், தோள்பட்டை வலிச்சாலும் யாரையும் கேக்காம கிளம்பி வந்துடணும். உடனே வந்துடுங்க அண்ணி.