சேத்தியாத்தோப்பில் இறங்காத நாள்

என்னை ஒருநாளும் திட்டாத என் அப்பாவுக்கு,

இப்போது திட்டலாம். நாற்பது நாள் நான் காலேஜுக்குப் போகவில்லை.

தினமும் காலையில் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விருத்தாசலத்தில் சிதம்பரம் பஸ் ஏறுவேன். பாதி வழியில், சேத்தியாத்தோப்பில் இறங்கி, நெல் மண்டியில் பில் போடுவேன். டாக்டர் படிப்புக்கு மூன்றாம் வருட ஃபீஸ், வீட்டு வாடகை, தங்கச்சியின் ஸ்கூல். நீங்கள் போன பிறகு இதையெல்லாம் யார் கட்டுவது? லோன், ஃபீஸில் பாதிக்குத்தான் வருகிறது.

அம்மா வேலைக்குப் போகிறேன் என்றுதான் சொன்னாள். உங்கள் செராமிக் கம்பெனியிலேயே கூப்பிட்டார்கள். நான்தான் விடவில்லை. இருபது வருஷம் அந்த மண் தூசியை இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு வாய் கஞ்சிக்கே மூச்சு இளைத்தது உங்களுக்கு. ‘ஒங்கம்மா அந்த கேட்டைத் தாண்டக் கூடாது’ என்று என்னிடம்தானே சத்தியம் வாங்கினீர்கள்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. நான் கிளம்பிய பிறகு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு எங்கள் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறாள். சீட்டு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், ‘எம் பொண்ணு இங்கதான் டாக்டருக்குப் படிக்குது’ என்று சொன்னாளாம்.

இது தெரியாமல் நான் சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

“இன்னிக்கு என்னம்மா பாடம்?”

நுரையீரல் என்றேன். முதுகில் எங்கே தட்டுவது, எங்கே ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்பது என்று கூசாமல் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா முழுசாகக் கேட்டாள். ரசம் ஊற்றினாள்.

“மூணு மணி வரைக்கும் அங்கதான் உக்காந்திருந்தேன். ஒங்கூடப் படிக்கிற பொண்ணு, நீ வந்தே ஒரு மாசத்துக்கு மேல ஆவுதுன்னு சொல்லிச்சு.”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். இன்னும் ஒரு வாரம் போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சையே எழுத முடியாது என்பதையும் சொன்னேன். அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் என்கூடவே பஸ் ஏறினாள். என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, பக்கத்தில் தான் உட்கார்ந்தாள். சேத்தியாத்தோப்பு வந்ததும் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். அம்மா காலை நகர்த்தவே இல்லை.

“எறங்குறவங்க இருக்கீங்களா?” என்றார் கண்டக்டர்.

“யாரும் இல்லீங்க. போலாம்.”

பஸ் நகர்ந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “திங்கக்கெழமையிலேருந்து கம்பெனிக்கு வரேன்னு போன்ல சொல்லிட்டேன். ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பேசினாளா அப்பா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தினமும் அவள் கிளம்பும்போது மாஸ்க்கை நானே மாட்டிவிடுகிறேன். அது எவ்வளவு தூசியைத் தடுக்கும், எவ்வளவு தடுக்காது என்று எனக்குத் தெரிந்திருப்பதுதான் கொடுமை. சத்தியத்தைக் காப்பாற்ற முடியாதவள் உங்களுக்கு இன்னொரு வாக்குக் கொடுத்தால் நம்புவீர்களா?

இனி நடுவில் இறங்க மாட்டேன். ஹவுஸ் சர்ஜனாக முதல் சம்பளம் வாங்கும் அன்று அந்த கேட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அன்றைக்குப் பொய்யாகச் சொன்ன நுரையீரல் பாடத்தை அவள் முதுகில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துப் படிப்பேன்.

உங்களுக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றாத மூத்த மகள்,
செந்தாமரை