கடைசியில் வரும் ‘ஏலாது’

நொய்கெல்ன், பேர்லின்
7.10.1997

அன்புள்ள ஜேசு அண்ணைக்கு,

உங்கள் நெஞ்சு எப்படியிருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனிச் சண்டைக்கு வருகிறேன்.

கனடாவில் நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய ஒப்பந்தம் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. எனக்கான இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.

இசைத்தட்டுக் கம்பெனிக்கார ஹெர் வைலாண்ட் கெட்ட மனிதர் இல்லை. பழைய சாமான் சந்தையில் எங்கள் இசைத்தட்டைக் கண்டெடுத்து, பதினொரு வருடத்துக்குப் பிறகு அதைச் சீடியாகப் போட வேண்டுமென்று என்னைத் தேடி வந்தவர். அறுபத்தாறில் எங்கள் ஊர் பாசையூரில் ‘ரொக்கற்ஸ்’ என்று தொடங்கிய நாங்கள் மூவரும் இருபது வருடம் கழித்து, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதிகளாக வந்திறங்கிப் போட்ட தட்டு. எங்கள் சனமே வாங்கவில்லை. கலியாண வீடுகளில் பாடிய ஆட்களுக்கு ஏன் இந்த விசர் என்று கேட்டார்கள். அதை ஒரு ஜெர்மன்காரர் தேயத் தேயக் கேட்டிருக்கிறார் என்றதும், அன்று பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும்போதே பாடினேன்.

அட்டைப்படத்தைக் காட்டியபோதுதான் விளங்கியது. தாமரைப்பூ. மேலே பெரிதாக ‘ஓம்’. எங்கள் தட்டின் பெயர் ‘ஓம், ஐயா’ அல்லவா? ஐயாவைக் காணவில்லை. இது மந்திரம் இல்லை, நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் ஊரில் ஓம் என்றால் வெறும் ‘ஆம்’, உங்கள் ஜெர்மன் ‘யா’தான் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அதிலும் ஏதோ தத்துவத்தைக் கண்டுவிட்டார்!

பெயரைக்கூட விட்டுக்கொடுத்திருப்பேன், அண்ணை. ஆனால் அந்தப் பெயருள்ள பாட்டின் கடைசியை வெட்டப் போகிறாராம். அகதி விசாரணையில் கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘ஓம், ஐயா’ என்று பாடிவந்து, திரும்பிப் போகச் சம்மதமா என்று கேட்கும் இடத்தில் நீங்கள் கிற்றாரை நிறுத்திவிட்டு ‘ஏலாது!’ என்று கத்துவீர்களே, அது தியானத்தைக் குழப்புகிறதாம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆறு நிமிடம் தலையாட்டும் மூன்று பேர். அந்த ஒரு சொல்லுக்கு அடித்த அடியில் லூக்காஸ் இரண்டு டிரம் குச்சிகளை முறித்தான். அவன் செத்துப்போனான் என்பதற்காக அவன் அடியை வெட்ட நான் விடமாட்டேன்.

முந்தாநாள் ரெலிபோனில், ‘சிசிலி, சைனை வையும். ஒப்பரேசனுக்கு முந்தி ஒருக்காக் கேட்டாக் காணும் எனக்கு’ என்றீர்கள். இனி எல்லாம் போதும் என்பதுபோல ஒலித்த அந்தக் ‘காணும்’ எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை வைலாண்டைச் சந்திக்க ரெர்மின் எடுத்திருக்கிறேன். முழுப் பெயர், முழுப் பாட்டு, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று ஜெர்மனில் எழுதி வைத்திருக்கிறேன். இலக்கணம் பிழைத்திருக்கும், சொல்ல வந்தது பிழைக்கவில்லை. அவர் மறுத்தால் நீங்கள் கேட்க ஆசைப்பட்டது வராமலே போகும். அது என்னால்தான். தெரிந்தேதான் செய்கிறேன். பயமாகவும் இருக்கிறது, மறைக்கவில்லை.

சத்திரசிகிச்சை நாளன்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவேன். நீங்கள் கண் விழித்ததும் என்மேல் கோபம் வரும். வரட்டும். கடிதத்தில் ஏசுங்கள், ரெலிபோனில் ஏசுங்கள், நேரில் வந்து ஏசினால் இன்னும் நல்லது. ஏசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், அண்ணை.

அந்தோனியார் துணை.

உங்கள்
சிசிலி