கட்டைவிரலாக வந்த கால்விரல்

மங்களூர்

அன்புள்ள விஜிலாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நலமே. உன் முட்டுவலி தேவலையா?

படகில் வலை இழுக்கும் வின்ச்சில் போன கட்டைவிரலுக்குப் பதிலாக வலக்கையில் வைத்துத் தைத்த கால் பெருவிரலை, நேற்று டாக்டர் ஊசியால் குத்தினார். சுள்ளென்றது. உணர்ச்சி வந்துவிட்டது, ஆபரேஷன் வெற்றி என்றார். எனக்குக் கண் கலங்கியது. வலி என்று நினைத்துக்கொண்டார்.

"கலியாணத்தன்னைக்கு அந்தக் கால்விரலால என் நெத்தியில சிலுவை போடாதீய, அப்பா. எல்லாரும் சிரிப்பாவ" என்று நம் டயானா போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. இடக்கையால் போடுங்கள் என்று நீயும் எழுதுகிறாய். மாட்டேன். மகளை ஆசீர்வதிக்க எனக்கு இருப்பது இந்த விரல்தான். அவள் நெற்றியைக் காட்டாவிட்டால் கோயிலில் கடைசி வரிசையில் நிற்பேன்.

பெருவிரல் இல்லாத காலில் செருப்பு நிற்கவில்லை. பின்வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி அனுப்பு. கடைசி வரிசைக்கும் நடந்துதானே போக வேண்டும்.

ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, நிறுத்துகிறேன்.

கஸ்பார்