பாறை இடுக்கில் ஒரு தீப்பெட்டி

அன்புள்ள அண்ணாச்சி,

என் மேசையின்மீது துருவேறிய தகர டப்பா ஒன்று இருக்கிறது. அதனுள் உங்கள் தீப்பெட்டி. சென்ற ஞாயிறன்று பாறை இடுக்கிலிருந்து எடுத்து வந்தேன். இன்று காலை திறந்ததும் ஈரக் கந்தகத்தின் மணம் எழுந்தது. உள்ளே பதினான்கு குச்சிகள். பக்கத்தில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு, பதினான்கையும் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தேன், ஒன்றும் பற்றவில்லை. குச்சிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைப்பவர் நீங்கள். நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

நம் பட்டாசுக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்து வந்தவர் நீங்கள். நான் வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களின் மடியையும் பையையும் சோதித்து, தீப்பெட்டியையும் பீடியையும் வாங்கி வைப்பவன். அதனால் என்னை ‘ஏட்டையா’ என்றே அழைத்தீர்கள். காவல் நிலையத்திலிருந்து இதுவரை எவரும் ஆட்சேபிக்கவில்லை.

மற்றவர்கள் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டுப் போகும் ஊர்களுக்குக் கம்பெனி வேலையாகவே போய்வந்தும் உங்களுக்கு நிறைவில்லை.

“தாஜ்மகால் எப்படி இருந்தது அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? எனக்கு முன்னால ஒரு தலப்பாக்கட்டு நின்னுச்சு. அது நல்லாருந்துச்சு.”

குற்றாலத்தைப் பற்றியும் உங்கள் புகார் அதுதான். “தலைய நீட்டுதேன், எண்ணெய் வழியுது ஏட்டையா. தண்ணியெல்லாம் முன்னாடி நின்னவன் தலையோட முடிஞ்சுபோச்சு.”

ஆகவே, தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி ஓயும் மாதங்களில், எவரும் போகாத இடங்களைத் தேடத் தொடங்கினீர்கள். எந்த ஊரின் பெயரைக் கண்டக்டர் கூவி அழைக்கிறாரோ அந்த ஊருக்குப் போகக்கூடாது என்பது உங்கள் ஒரே விதி. விதி என்று ஒன்று இருந்ததால் நானும் உடன் வந்தேன். காரியாபட்டிப் பக்கம் ஒரு கண்மாயைப் பார்க்கப் போனோம். கண்மாய் இருந்தது, தண்ணீர் இல்லை. மல்லாங்கிணறு தாண்டி ஒரு மொட்டைக் குன்றில் ஏறினோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், “இங்கன எதுக்கு வந்தீக? எதையாச்சும் தொலைச்சுட்டீகளா?” என்று கேட்டுவிட்டு, நம் பதிலுக்குக் காத்திராமல் தாமும் குனிந்து தேட ஆரம்பித்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று நீங்களும் சற்று நேரம் தேடினீர்கள்.

பிறகுதான் அந்த இடம் அகப்பட்டது. மேற்கே மலையடிவாரம் என்பதற்குமேல் இந்த மடலிலும் எழுதமாட்டேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே கழுத்தளவுச் சுனை. மேலே ஒரு நாவல் மரம். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போன்ற தண்ணீர். நீங்கள் ஒன்பது நிமிடம் பேசவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, சுள்ளி மூட்டிக் காப்பி போட்டீர்கள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் ஏட்டையா முறைக்கீரு? இது கம்பெனி வாசலா?” என்றீர்கள். காப்பிப்பொடி கொண்டுவந்த தகர டப்பாவில் தீப்பெட்டியைப் போட்டுப் பாறை இடுக்கில் செருகினீர்கள். “இனிமே இது இங்கனயே இருக்கட்டும். ஒம்ம சட்டத்துக்கும் பங்கமில்ல. ஒண்ணு மட்டும்: யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது.” சரி என்றேன்.

மூன்றாண்டுகள், கம்பெனி ஓயும் மாதங்களில் ஞாயிறுதோறும் போய்வந்தோம். நான்காம் ஆண்டு, திங்கட்கிழமையும் தங்கிவரலாம் என்று ஆசைப்பட்டோம். அதற்கு விடுப்பு வேண்டும். வெடிமருந்து அறையின் சாவி என் பொறுப்பு என்பதால், நான் செல்லும் இடத்தை விண்ணப்பத்தில் குறிப்பிடுவது கட்டாயம். குறிப்பிட்டேன். ஏறவேண்டிய பஸ், இறங்கவேண்டிய மைல்கல், ஒற்றைப் புளியமரத்தில் இடப்புறம் திரும்பவேண்டியது எல்லாவற்றையும் தெளிவாக எழுதினேன். குமாஸ்தா அதை உரக்க வாசித்தார். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சுனையெல்லாம் இருக்கா? அப்ப இந்த வருசம் கம்பெனி டூருக்கு ஆளுக அம்புட்டுப் பேரையும் லாரில அங்கனயே கூட்டிட்டுப் போயிருவோம்!”

‘நான் மூச்சு விடவில்லை, எழுதத்தானே செய்தேன்’ என்ற என் விளக்கத்தை நீங்கள் ஏற்கவில்லை. “அடுத்த வருசம் அங்கன வடைக்கடை வந்துரும். அதுக்கு அடுத்த வருசம் கண்டக்டர் கூவுவாரு. ஒம்மகூட இனி எங்கயும் வரல ஏட்டையா” என்றீர்கள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. என் பணியில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதினொரு நாளும் சோறு இறங்கவில்லை.

பயண நாள் விடிந்தது. நாற்பத்திரண்டு பேர், அரிசி மூட்டை, இரண்டு ஆட்டின் கறி, அண்டா. லாரி கம்பெனி வாசலில் நின்றது. நான் என் இடத்தில் நின்றேன்.

“ஐயா, இன்னைக்கு வேலைக்கா போறோம்? சுத்திப் பாக்கத்தான போறோம்!”

“லாரி கம்பெனி லாரி. எடுங்க” என்றேன்.

இருபத்தாறு தீப்பெட்டிகள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி வாசல் அறைத் தட்டில் அடுக்கினேன். “சட்டம்னா எனக்கும் சட்டந்தான்” என்று முதலாளியும் பெருமையோடு தம்முடையதைக் கொடுத்தார். நீங்கள் லாரியின் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

லாரி நின்ற இடத்திலிருந்து மூன்று மைல் நடந்து சுனையை அடைந்தோம். அடுப்புக் கூட்டினார்கள், கறியை நறுக்கினார்கள், உலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அதன்பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடை இருக்கும் ஊர் லாரியிலிருந்தும் ஏழு மைல். மருந்து கலக்குகிறவர் இரண்டு கற்களை எடுத்து உரசத் தொடங்கினார். திரி சுற்றும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நாடு பூரா நெருப்பு அனுப்புறவுக, இங்கன கல்லை உரசுதாகளே!”

ஒரு மணி நேரத்தில் சிரிப்பு நின்று பசி வந்தது. முதலாளி என்னிடம் வந்தார்.

“நீங்க முன்னாடியே வந்துருக்கீக. இங்கன எங்கயாச்சும் தீப்பெட்டி கெடைக்குமா?”

நீங்கள் அந்தப் பாறையின்மேல்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் குதிகாலுக்கு ஒரு சாண் கீழே டப்பா இருந்தது. என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாற்பத்திரண்டு பேரின் பசி ஒரு பக்கம். இன்று இங்கே சோறு வெந்தால் அடுத்த ஆண்டும் வருவார்கள் என்பது மறுபக்கம்.

“கெடைக்காது முதலாளி” என்றேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

ஊறவைத்த அரிசியும் தேங்காயும் தின்றுவிட்டு, கறியைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, எல்லாரும் மலையைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். “இதெல்லாம் ஒரு எடமா? நம்ம கண்மாய்க்கரை தேவலை, கடையாச்சும் இருக்கு” என்றாள் ஒருத்தி. “அடுத்த வருசம் குத்தாலம்!” என்று முதலாளி அறிவித்ததும் லாரியே அதிரும்படி கைதட்டினார்கள். அந்த ஓசையில் நீங்கள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

“ஏட்டையா, வர்ற ஞாயித்துக்கெழமை ஒமக்கு வேலை இருக்கா?”

அதன்பின் அங்கே நம்மைத் தவிர எவரும் வரவில்லை. சென்ற ஞாயிறன்றும் எவரும் இல்லை. அன்று நம்மிலும் ஒருவர் குறைவு.

இப்போது புதிய தீப்பெட்டி ஒன்றை டப்பாவில் வைத்து, விளிம்பில் மெழுகு உருக்கி ஊற்றியிருக்கிறேன். வரும் திங்களும் அங்கே தங்க எண்ணி விண்ணப்பம் எழுதினேன். செல்லும் இடம் என்ற கட்டத்தில் ‘மல்லாங்கிணறு’ என்று குறித்தேன். அதே குமாஸ்தாதான் வாங்கிப் படித்தார்.

“மல்லாங்கிணத்துல ஒங்களுக்கு யாரு இருக்கா?”

“ஒரு அண்ணாச்சி இருக்காக” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். இது இரண்டாவது பொய், அண்ணாச்சி. முதலாவதைப் போலவே இதற்கும் திருத்தம் எழுதப்போவதில்லை.