பதினோரு நிமிஷம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க முதுகுவலி தேவலையா? பாப்பாவோட ஆடுற பல் விழுந்துச்சா?

இந்தக் கூத்தைக் கேளுங்க. லாண்டரியில வருகைப் பதிவுக்குன்னு எங்க போன்ல ஒரு ஆப் போட்டாங்க. நேத்து சூப்பர்வைசரம்மா அதுல ஒரு வரைபடத்தைக் காட்டி, "தினமும் சாப்பாட்டு நேரத்துல கிடங்குக்குப் பின்னால பதினோரு நிமிஷம் என்ன பண்றே?"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை நாளும் வேவுக்காரனையா இடுப்புல செருகிக்கிட்டுத் திரிஞ்சேன்! முகம் கழுவினேன்னு சொல்லிச் சமாளிச்சேன். உங்ககிட்டப் பேசுறது ஆறு நிமிஷம்தான். மிச்ச அஞ்சு நிமிஷம் உங்களுக்கே தெரியாது, போனுக்குத் தெரிஞ்சிருக்கு.

இனி போனை இஸ்திரி மேசையிலேயே வெச்சுட்டுத்தான் அங்கே போவேன். ஆனா உங்க குரல் இருக்காது. அதனால கடிதம் போடுங்க, விழுந்த பல்லையும் தாள்ல மடிச்சு வைங்க.

மணி அடிச்சாச்சு. அங்கங்க மை கரைஞ்சிருந்தா கண்டுக்காதீங்க. முகம் கழுவிட்டு ஓடணும்.

உங்க பாப்பாவோட அம்மா