எட்டப் பார்த்தால் பச்சை

அத்தான்,

அக்கா பிஸ்கட் சுடும் மின்சார அடுப்பான அந்த ஃபூரைப் போட்டால் முதல் ஐந்து நிமிடம் அந்த மணம் வருகிறது. சுட்ட பிளாஸ்டிக் மணம். அதற்கு அடியில் இன்னொன்று, செப்புக் காசை நாக்கில் வைத்தது போல. பிறகு பிஸ்கட்டின் வெண்ணெய் மணம் எழுந்து அதை மூடிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை என்னால் அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்ட முடியவில்லை. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

"என்னடி, பேயைக் கண்ட மாதிரி?"

"வயர் சுடுகுது அக்கா."

அக்கா வயரைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினாள். உங்கள் சின்னவள் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட்டுக்காக நின்றாள்.

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லா சப்பல் வீட்டுக் குசினி நினைவிருக்கிறதா? ஒரு மேசைதான். அரைவாசியில் என்னுடைய இரசாயனவியல் குறிப்புகள், மற்ற அரைவாசியில் உங்களுடைய தூண்டில் தலைகள். திங்கட்கிழமை ரூ லூயி-பிளாங்கில் உங்கள் ரெஸ்டோரன்ட் பூட்டு, எனக்குக் காலையில் மட்டும் வகுப்பு. ஊரில் கடலில் காலே நனைக்காத நீங்கள் பாரிசுக்கு வந்து, யூடியூப் பார்த்து, கால்வாயில் மீன் பிடிக்கப் பழகினீர்கள். கடையில் வாங்கிய, ஈயத் தலை வைத்த ஜிக் தூண்டிலெல்லாம் அடியில் கிடக்கும் பழைய சைக்கிள்களில் மாட்டி அறுந்து போகிறது என்று, நீங்களே செய்யத் தொடங்கினீர்கள்.

கராஜில் வேலை செய்த சிநேகிதர் பழைய கார்ச் சில்லுகளின் ஈயக் கட்டிகளைத் தந்தார். அதைத் தாச்சியில் உருக்கி அச்சில் ஊற்றுவீர்கள். கொளுக்கியோடு சேர்ந்து கடலைப் பருமனில் ஒரு தலை விழும். ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்ப்பீர்கள். சாம்பல் நிறத் தூள் மேசை விரிப்பில் கொட்டும். விரிப்பை ஜன்னலுக்கு வெளியே உதறுவீர்கள். மழையென்றால் தரையில்.

பிறகு பெயின்ற். தலையை அடுப்புச் சுவாலையில் சூடாக்கி, தூள் இருக்கும் கிண்ணத்துக்குள் ஒரு தரம் தோய்த்து எடுக்க, தூள் உருகிப் பளபளக்கும். அது காய்ந்தது போலத் தெரிந்தாலும் காய்ந்ததில்லை. கம்பியில் தொங்கவிட்டு, ஃபூருக்குள் நூற்றியெண்பது பாகையில் இருபது நிமிடம் வேக வேண்டும். வேகாத பூச்சும் பார்வைக்கு அதே பளபளப்புத்தான். கல்லில் ஒரு தரம் அடிபடும்போதுதான் உரியும்.

உங்கள் தூள் மலிவானது. யாரோ தொழிற்சாலையில் மிஞ்சியதென்று விற்ற, பெயரில்லாத பைகள். மஞ்சள், நீலம், வெள்ளை. உங்களுக்குப் பச்சை வேண்டும். ஜாம் போத்தலுக்குள் மஞ்சளையும் நீலத்தையும் போட்டுக் குலுக்கினீர்கள்.

"மஞ்சளும் நீலமும் பச்சை. படிச்ச மச்சாள், சரியோ?"

"தண்ணிப் பெயின்ற் எண்டா வரும் அத்தான். இது தூள். கலக்காது. ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டு இருக்கும்."

அந்தக் கிழமை முழுவதும் நான் அந்த வீட்டில் பேசியதில் அதுதான் நீளமானது. சுட்டெடுத்துப் பார்த்தோம். நான் சொன்னபடியே இருந்தது. கிட்டப் பார்த்தால் மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும். எட்டப் பார்த்தால் பச்சை.

"மீனுக்கு எட்டத் தெரிஞ்சாக் காணும்," என்றீர்கள். "கிட்ட வந்தாப் பிறகென்ன, கொளுக்கியெல்லோ!"

அக்கா வாசலில் நின்று கேட்பாள்: "உங்கட தலையள் அவிஞ்சுதோ? நான் பற்றிஸ் வைக்க வேணும்."

"பத்து நிமிசம் பொறு. தலை அவியுது."

தலைகள் வெளியே வர, அதே தட்டைத் துணியால் துடைத்து அக்கா பற்றிஸ் பலகாரத்தை அடுக்குவாள். நானும் தின்றேன். நூற்றியெண்பது பாகையில் ஈயம் உருகாது, ஆவியாகாது என்று சோதனைக்குப் பதில் எழுதுவது போல எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது சரியான பதில். அரத்தூளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. சின்னவள் அப்போது தவழ்ந்து திரிந்தாள். மேசைக்குக் கீழேதான் அவளுடைய இடம்.

அவளுடைய இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்ற கடிதம் வந்து பத்து நாளில், சுகாதார அலுவலகத்து மதாம் ஒரு கருவியோடு வந்தார். சுவரில் வைத்தார். ஜன்னல் கட்டையில் வைத்தார். அது கீச்சிட்டது. நூறு வருடப் பெயின்ற், அதில் ஈயம் இருந்தது, அது பொய்யில்லை. 'ப்ளோம்' என்றார். "ஈயமாம்," என்று அக்காவுக்குச் சொன்னேன். அப்போது உங்கள் கை மேசை விரிப்பை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகச் சுருட்டத் தொடங்கியது. மதாம் கருவியை மேசையில் வைக்கவில்லை.

பிறகு கேள்வித்தாள். எப்போதும் போல நான்தான் இரண்டு பக்கத்துக்கும் வாய். மற்றவர்களின் பேச்சை அங்கும் இங்கும் கொண்டுபோகிறவள் சொந்தமாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என் கூச்சத்துக்கு அது நல்ல மறைவிடம். வீட்டில் யாராவது மண்பாண்டம் செய்கிறீர்களா, வேட்டைக்குப் போகிறீர்களா, பெஷ் உண்டா என்று மதாம் வாசித்தார். கடைசிச் சொல் அக்காவின் காதில் தனியாக விழுந்தது.

"பெஷ் எண்டா அந்தப் பழமெல்லோ? மார்ஷெச் சந்தையிலை விக்கிறது?"

பிரெஞ்சில் பீச் பழத்துக்கும் மீன்பிடிக்கும் காதுக்கு ஒரே சொல். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஓம், பழந்தான். அக்காக்குப் பல்லுக் கூசும் எண்டு நாங்கள் வாங்கிறேல்லை எண்டு சொல்லு மச்சாள்."

அக்கா சிரித்தாள். என்ன பகிடி என்று தெரியாமல் மதாமும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 'நோ(ன்)', இல்லை, என்றேன். மதாம் கட்டத்துக்குள் புள்ளடி போட்டார்.

அவரைக் கீழே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது படியில் நின்று சொன்னீர்கள். "சுவராலை எண்டாத்தான் வீடு மாத்தித் தருவினம். எத்தினை வருசமாக் காத்திருக்கிறம், உனக்குத் தெரியும். வீடு வரட்டும். பேந்து அக்காட்டை நானே சொல்லுறன்." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு அது போதுமாயிருந்தது.

அன்றே அச்சையும் ஈயத்தையும் போத்தல்களையும் ஒரு பையில் கட்டி எங்கோ கொண்டுபோனீர்கள். ஃபூரைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினீர்கள். "என்ன இண்டைக்கு வீட்டு வேலையெல்லாம் நடக்குது," என்று அக்கா பகிடி பண்ணினாள். செவ்ரானில் வீடு கிடைத்தபோது மேசையைத் தெருவில் விட்டு வந்தோம். ஃபூர் பழுதாகிவிட்டது என்று பெட்டியில் கட்டிக் கீழே நிலவறையில் போட்டீர்கள். ஏன் எறியவில்லை? எறிந்தால் ஏனென்று அக்கா கேட்பாள், சொல்ல வேண்டிவரும் என்பதாலா? சின்னவளின் இரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் "அடுத்த சோதனையும் வரட்டும், பேந்து சொல்லுவம்," என்றீர்கள். மாசி மாதம் ரெஸ்டோரன்ட் குசினிக்குள் விழுந்தீர்கள். இதயம் என்றார்கள்.

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அக்கா நிலவறையிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தாள். ஃபூரைச் செருகிப் பார்த்தாள். சிவந்தது. "பாவம், பழுது எண்டு நினைச்சுக் கொண்டே போட்டார்," என்று அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். மூன்று தரம் கழுவியது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதில் சுட்ட எதையும் நான் தின்னவில்லை. பசியில்லை என்றேன். சின்னவளுக்குப் பசித்தது.

அவளுக்கு மூன்று வயதாகப் போகிறது அத்தான். ஐந்தாறு சொல்தான் சொல்கிறாள். "சித்தியைப் போல, கூச்சம்," என்கிறாள் அக்கா, வருகிறவர்களிடமெல்லாம். அவர்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கூச்சம்தானா என்று எந்த டாக்டரும் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை கடிதம் வந்தது. அளவு திரும்ப ஏறியிருக்கிறது. இது புதுக் கட்டடம், சுவரில் ஒன்றுமில்லை, காரணம் விளங்கவில்லை, வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அக்கா கடிதத்தை என் கையில் தந்து, "என்னவாம்?" என்றாள்.

வாசித்தேன். கடிதம் முடிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. தாச்சி, அரம், விரிப்பு, ஃபூர், பெஷ். என்னுடைய சொந்த வாயால், தமிழில், எல்லாம். லிசான்ஸ் பட்டம் முடித்த வாய்க்கு அதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அக்கா கத்தவில்லை. கதிரையில் இருந்தபடியே கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமோ?"

சுவரில் உங்கள் படம் மாலையோடு இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். படியில் நின்ற உங்கள் முகம் எனக்கு முன்னால் வந்தது.

"இல்லை அக்கா. அத்தானுக்குத் தெரியாது. நான்தான் படிச்சனான். எனக்குத்தான் தெரியும்."

"பிள்ளை திண்டதைப் பாத்துக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

சின்னவளைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைப் பூட்டினாள். ஃபூரை நானே குப்பை அறைக்குக் கொண்டுபோனேன். வியாழக்கிழமை மதாம் வருவதற்காக ஒரு பையில் கட்டி, தொட வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். திரும்பி வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே இருந்து இதை எழுதுகிறேன். உள்ளேயிருந்து சின்னவள் கதவைத் தட்டுகிறாள். சித்தி என்று கூப்பிடவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

உங்களுக்காக நான் இரண்டு தரம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். முதலாவதை வியாழக்கிழமை மதாமிடம் மாற்றுவேன். இரண்டாவதை மாற்றமாட்டேன். அக்கா இனி என்னோடு கதைக்காவிட்டாலும், அது என்னிடமே இருக்கட்டும்.